மேற்குச் சுவரோரத்து மிஷின்

போன மாதம் தம்பி லீவுக்கு வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே ஒன்று சொன்னான். அவன் கம்பெனியில் அவனைவிட நான்கு வருடம் முந்தி வந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக வேறொருவருக்கு மேல் பதவி கொடுத்துவிட்டார்களாம். "சீனியாரிட்டிங்கிறதே வேலை தெரியாதவன் கண்டுபிடிச்சதுப்பா" என்றான். பாப்பா அவனோடு சண்டைக்குப் போனாள். பிள்ளைகளா, நீங்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதிலுக்குள் நான் வெட்கப்படவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைப் பெற்ற பிள்ளைகளிடம் வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து இது. பிழை இருந்தால் பாப்பா திருத்திக்கொள்ளட்டும்.

மதுரையில் ஒரு நூல் மில்லில் நான் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். சேர்ந்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு, பதிலியாகப் பெயர் கொடுத்தேன். நிரந்தரத் தொழிலாளி ஒருவர் வராத நாளில் அவர் இடத்தில் நின்று வேலை பார்ப்பவன்தான் பதிலி. எல்லோரும் வந்துவிட்டால் பதிலிக்கு வேலை கிடையாது, திரும்பி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அதனால் ஊரில் காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து எது வந்தாலும் எங்களுக்கு நல்ல நாள். வெளியே சொல்ல மாட்டோம், ஆனால் காலண்டர் வாங்கியதும் எல்லாப் பதிலியும் முதலில் பார்ப்பது முகூர்த்த நாள் எத்தனை என்றுதான். அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கு மில்லில் பாதிப் பேர் லீவு. பதிலியாக இருந்த காலம் முழுக்க அழகரை நான் பார்த்ததே இல்லை. அவர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் நான் மிஷின் முன்னால் சந்தோஷமாக நின்றுகொண்டிருப்பேன்.

காலை ஏழு மணிச் சங்குக்கு ஆறரைக்கே கேட்டில் நிற்கவேண்டும். முன்னொரு காலத்தில் மேஸ்திரி கேட்டுக்கு வந்து, "நீ வா, நீ வா, நீ நாளைக்கு வா" என்று விரல் நீட்டுவாராம். அந்த விரல் யார் பக்கம் திரும்பும் என்பதற்கு ஊர், உறவு, சாதி, தோட்டத்துத் தேங்காய் எல்லாம் காரணமாக இருந்தன. நான் வருவதற்கு முன்பே சங்கம் அதற்காக மல்லுக்கட்டி ஒரு பட்டியலை வாங்கிவிட்டது. பெயர் கொடுத்த தேதி வரிசையில் எண். டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பக்கத்துப் பலகையில் அது ஒட்டியிருக்கும். கிளார்க் எண்ணைத்தான் கூப்பிடுவார். நிரந்தர இடம் ஒன்று காலியானாலும் பட்டியலில் முதலில் நிற்பவனுக்கே.

என் எண் பதினேழு. எனக்கு முன்னால் பதினாறு.

பதினாறு பேரையூர் பக்கத்து ஆள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரில் சொந்த நிலம் இல்லை, அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போன குடும்பம். மழை பொய்த்த ஒரு வருடம் மதுரைக்கு வந்து, நாலைந்து பேரோடு ஓர் அறையில் தங்கி, வார லீவுக்கு மட்டும் ஊருக்குப் போய்வருவார். எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. "என்ன பதினேழு, சாப்பிட்டியா?" என்பார். "ஆச்சு, பதினாறண்ணே" என்பேன். வரிசையில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் நின்ற நாட்கள் எத்தனை என்று எனக்கே தெரியாது. அவர் சட்டையின் முதுகில் இருந்த தையல்கூட இன்னும் கண்ணில் நிற்கிறது.

"ஏண்ணே, ஒரு நாளாவது காய்ச்சல்னு படுக்கக் கூடாதா? நான் முன்னாடி போயிருவேன்ல" என்று கிண்டல் செய்வேன்.

"படுத்தா எழுப்ப ஆளு இல்லய்யா. அதான் நின்னுக்கிட்டே இருக்கேன்" என்பார்.

மிஷின் விஷயத்தை நான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் தப்பு உங்களுக்குப் புரியாது. நாங்கள் நின்றது நூல் நூற்கும் மிஷினில். நீளமான மிஷின், நூற்றுக்கணக்கில் கதிர்கள் சுற்றும். இழை அறுந்தால் ஓடிப்போய் ஒட்டவேண்டும். ஒட்டுவதற்குள் வேறு இடத்தில் அறும். ஒரு ஆள் நல்ல வேலைக்காரன் என்பதை அவன் மிஷினில் எவ்வளவு இழை அறுந்து கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஆனால் நூலுக்கு ஈரம் வேண்டும். காற்று காய்ந்தால் இழை சும்மாவே அறும். அதற்காகக் கூரையில் குழாய் போட்டு ஈரக்காற்று விடுவார்கள். அந்தக் குழாய்க்கு நேர் கீழே இருந்த மிஷின்கள் பட்டு மாதிரி ஓடும். குழாய் போய்ச் சேராத மேற்குச் சுவரோரத்து மிஷின்கள் இருக்கின்றனவே, மதியத்துக்கு மேல் வெயில் அந்தச் சுவரில் ஏறினால் போதும், அறுந்துகொண்டே இருக்கும். சித்திரை வைகாசியில் அங்கே நிற்பவன் மனிதனாக வெளியே வரமாட்டான்.

சங்கத்தின் பட்டியல் கேட் வரைக்கும்தான். உள்ளே போனபிறகு எந்தப் பதிலிக்கு எந்த மிஷின் என்பதை மேஸ்திரி சொல்வார். அந்த மேஸ்திரி எனக்கு அம்மா வழியில் மாமா முறை. ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். நான் கேட்காமலே எனக்குக் குழாயடி மிஷின் கிடைத்தது. பதினாறுக்கு மேற்குச் சுவர். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, எப்போதும். அவர் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. நானும் திறக்கவில்லை. எனக்கு வாய்த்தது நல்ல கை என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு சித்திரையில் நூற்கும் பிரிவுக்கு அதிகாரியாகப் புதிதாக ஒரு ஸ்பின்னிங் மாஸ்டர் வந்தார். படித்தவர், கெட்டவர் இல்லை. கையில் நோட்டுடன் மிஷின் மிஷினாகப் போய் அறுந்த இழையை எண்ணினார். இரண்டு நிரந்தர இடம் காலியாக வந்தது. பதினாலு வரை முன்பே நிரந்தரமாகிவிட்டதால், பட்டியல்படி பதினைந்துக்கும் பதினாறுக்கும் போகவேண்டும். மாஸ்டர் பதினைந்தை எடுத்துக்கொண்டு பதினாறைத் தாண்டி என்னைக் கூப்பிட்டார்.

"உன் மிஷின்ல அறுப்பு அவன் மிஷின்ல பாதிகூட இல்ல. திறமைக்கு மதிப்புக் கொடுக்கணும். கையெழுத்துப் போடு" என்றார்.

பாப்பா, நீ அப்போது மூன்று மாதக் குழந்தை. பிரசவத்துக்கு உன் அம்மா நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் தாத்தா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. "நாள் கூலி மாதிரி வேலை. எந்த நாள் உண்டு, எந்த நாள் இல்லைன்னு தெரியாத எடத்துக்குக் கைப்பிள்ளைய எப்படி அனுப்புறது? பெர்மனென்ட் ஆகட்டும் மாப்ள, நானே கொண்டாந்து விடுறேன்" என்று தாத்தா சொல்லியிருந்தார். வாரத்துக்கு ஒரு நாள் பஸ் ஏறிப் போய் உன்னைப் பார்ப்பேன். நீ என்னைப் பார்த்ததும் அழுவாய். யாரோ வந்திருக்கிறான் என்று நினைத்தாய்.

மேஸ்திரி மாமா பக்கத்தில் நின்று தோளை இடித்தார். "என்ன மாப்ள யோசனை? தேடி வர்ற சாமியத் திருப்பி அனுப்புவியா? போடு."

போட்டேன்.

மறுநாள் காலையில் பலகையில் புதுத் தாள். நான் வரிசையில் நிற்கவேண்டியதில்லை, நேராக உள்ளே போகலாம். ஆனாலும் பழக்கத்தில் கால் வரிசைக்குத்தான் போனது. பதினாறு திரும்பிப் பார்த்தார்.

"என்னய்யா, இங்க நிக்கிற? இனி என் முதுகு ஒனக்கு எதுக்கு? உள்ள போ" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றைக்கு யாரும் லீவு போடவில்லை. பதினாறு எண்ணைக் கூப்பிடாமலே கிளார்க் ஜன்னலைச் சாத்தினார். கேட்டைத் தாண்டி நான் உள்ளே போக, அவர் வெளியே டீக்கடைப் பக்கம் நடந்தார்.

ஷிப்ட் முடிந்து சாயங்காலம் கேட் மீட்டிங் போட்டார்கள். என்னைத் துரோகி என்பார்கள் என்று பயந்துகொண்டு ஓரமாகச் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். நடந்தது வேறு. எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. இளவட்டப் பதிலி ஒருவன் எழுந்து, "வேலை தெரிஞ்சவனுக்குக் குடுத்தா என்னண்ணே தப்பு? வருசத்த எண்ணிக்கிட்டு நின்னவனுக்குத்தான்னா, நாங்க எதுக்கு ஓடி ஓடிப் பாக்கணும்?" என்று கேட்டான். சிலர் கை தட்டினார்கள். வயதான சைடர் ஒருவர், மிஷின் பார்ப்பவரை அப்படித்தான் சொல்வோம், பதிலுக்குக் கத்தினார்: "ஒனக்கும் வயசாகும்டா, அன்னைக்கு எவனாவது நோட்டத் தூக்கிட்டு வந்து எண்ணுவான். அப்ப ஒன் ஓட்டத்தப் பாக்குறேன்."

சங்கச் செயலாளர் இரண்டு பேரையும் பேசவிட்டார். அவர் எங்கள் மில்லிலேயே வேலை பார்த்தவர், நெஞ்சில் பஞ்சு அடைத்து இருமிக்கொண்டே பேசுவார். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார். கையில் இரண்டு கிளாஸ் டீ.

"நான் ஒன்னத் திட்ட வரலப்பா. கைப்பிள்ளக்காரன்னு தெரியும். நாளைக்கழிச்சு மானேஜர் ரூம்ல பேச்சுவார்த்தை. மாஸ்டர் நோட்டக் காட்டுவாரு. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. மிஷின்ல நிக்கிறவன் நீ. அந்த நோட்டு நெசமா, பொய்யா? அத மட்டும் நீயே யோசிச்சுக்க" என்றார்.

டீயைக் குடித்துவிட்டு கிளாஸை நான்தான் கடையில் கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் எனக்கு வார லீவு. பாப்பா, உன்னைப் பார்க்கப் போனேன். நிரந்தரம் ஆகிவிட்டது என்று தாத்தாவிடம் சொன்னால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பார்கள். சொல்ல வாய் வரவில்லை. உன் அம்மாவிடம் மட்டும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மேற்குச் சுவரையும் சொன்னேன்.

அவள் உன்னைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்: "அப்ப அந்த நோட்டுல எண்ணுனது ஒங்க கையவா, மிஷினவா?"

"ரெண்டையுந்தான்" என்றேன்.

"அப்ப ரெண்டையுஞ் சொல்லுங்க" என்றாள். அம்புட்டுத்தான். உள்ளே போய்விட்டாள்.

மானேஜர் அறையில் ஒரு பக்கம் மானேஜரும் மாஸ்டரும். எதிரே செயலாளர். பதினாறையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் நாற்காலியில் உட்காரவில்லை, சுவரோரமாக நின்றார். நானும் நின்றேன். மாமா கதவுக்குப் பக்கத்தில். மாஸ்டர் நோட்டை விரித்து, இவன் மிஷினில் இவ்வளவு, அவன் மிஷினில் இவ்வளவு என்று படித்தார். தெளிவாக இருந்தது. படித்து முடித்து என்னைப் பார்த்து, "நான் ஏதும் தப்பாச் சொன்னேனா?" என்று கேட்டார்.

பதினாறின் கை கண்ணில் பட்டது. மேற்குச் சுவரில் ஓயாமல் இழை ஒட்டி ஒட்டி விரல் நுனியெல்லாம் கீறல்.

"நோட்டு சரிதான் சார்" என்றேன். மாமா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "ஆனா நான் நின்னது குழாய்க்குக் கீழ சார். அவரு நின்னது மேற்குச் சுவர். ஒரு நாளும் மாத்தி நிக்கல. என்னய அங்க நிறுத்திட்டு எண்ணுங்க சார்."

மாஸ்டர் நோட்டைத் திரும்பப் பார்த்தார். அதில் மிஷின் எண் இருந்தது, மிஷின் எங்கே நிற்கிறது என்பது இல்லை. அவர் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "யார் இப்படி அலாட் பண்ணினது?" என்று கேட்டார். செயலாளர்தான் இருமிவிட்டு, "யாருங்கிறத விடுங்க சார். ஒரு வாரம் மாத்தி நிறுத்துவோம். நீங்களே எண்ணுங்க" என்றார். மாமாவைக் காட்டிக்கொடுக்கும் வேலையை என் தலையில் அவர் ஏற்றவில்லை. அதை நான் மறக்கவில்லை.

அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். முதல் நாள் மதியம் வெயில் சுவரில் ஏறியதும் என் மிஷினில் இழை அறுந்தது பாருங்கள், நாய் துரத்தியவன் மாதிரி ஓடினேன். ஒரு முனையில் ஒட்டிவிட்டு நிமிர்ந்தால் மறுமுனை தாடி தாடியாகத் தொங்குகிறது. வியர்வையில் ஒட்டிய பஞ்சு இமை மேலெல்லாம். அந்தப் பக்கம் குழாயடியில் பதினாறு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மாஸ்டர் மாதிரி நடந்துகொண்டிருந்தார். சாப்பாட்டு மணிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன பதினேழு, அடுத்த வாரமும் இங்கயே இருக்கியா? காத்து நல்லா வருதுல்ல?" என்றார். நாலு நாளைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. கொஞ்ச நேரம் கழித்து, "ஒனக்கு வாய் இருக்குன்னு அன்னைக்குத்தான்யா தெரிஞ்சுது" என்றும் சொன்னார்.

வாரக் கடைசியில் மாஸ்டர் எண்ணிப் பார்த்தார். மேற்குச் சுவரில் என் அறுப்பு, அதே இடத்தில் பதினாறுக்கு இருந்ததைவிடக் கூட. குழாயடியில் அவர் மிஷினில் தேடித்தான் எண்ணவேண்டியிருந்தது. தம்பி, இதை நீ கவனிக்க வேண்டும். திறமைசாலி என்று பெயர் வாங்கியவன் நான். திறமை இருந்தது அவரிடம்.

மாஸ்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அவராகவே என் தாளைக் கிழித்துவிட்டுப் பதினாறைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார். அதோடு சங்கம் கேட்ட இன்னொன்றுக்கும் ஒத்துக்கொண்டார். பதிலிகள் வாரம் ஒரு மிஷினாகச் சுற்றி வரவேண்டும். அந்தச் சுற்றும் பட்டியலோடு பலகையில் ஒட்டப்பட்டது. மாமாவின் விரலுக்கு அதன்பிறகு வேலை இல்லாமல் போனது. அவர் என்னோடு இரண்டு வருடம் பேசவில்லை. பாப்பாவின் காதுகுத்துக்குத்தான் வந்தார், அதுவும் பந்தியில் உட்காராமல் போய்விட்டார்.

நான் திரும்பவும் கேட்டுக்கு வந்து நின்றேன். பட்டியலில் இப்போது முதல் ஆள் நான். முன்னால் முதுகு இல்லை, இரும்புக் கேட்தான். பாப்பா, அந்த மாதமே உன் அம்மா, நிரந்தரம் ஆகாத என்னிடமே உன்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தாத்தா பஸ் ஸ்டாண்டு வரை திட்டிக்கொண்டே வந்து பெட்டியை ஏற்றிவிட்டாராம். வாடகைக்கு ஒரு லைன் வீடு, அடுப்பும் பாயும் ஒரே அறையில். உன் அம்மா அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இதை அவளிடம் நேரில் சொன்னால் "சும்மா இருங்க" என்பாள். அதனால் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

சீனியாரிட்டியில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். முன்னால் வந்தோம் என்ற தைரியத்தில் மிஷினை ஓடவிட்டுத் தூங்கியவர்கள் இருந்தார்கள். பிற்பாடு பிட்டர் வேலைக்கு ஆள் எடுத்தபோது சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து, ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவனை வருடக் கணக்குப் பார்த்து ஏற்றாதீர்கள் என்று பேசினேன். முதலில் வேலை தெரியுமா என்று சோதனை, எல்லோருக்கும் ஒரே மிஷினில். தேறியவர்களுக்குள் முன்னால் வந்தவன் முதலில். அப்படித்தான் முடிவானது. அன்றைக்கும் செயலாளர் என்னை முழுக்கப் பேசவிட்டார். அந்தச் சங்கம் இல்லாவிட்டால் நானும் வாய் திறந்திருக்க மாட்டேன், பதினாறும் மேற்குச் சுவரோரத்திலேயே தேய்ந்திருப்பார். எங்கள் இரண்டு பேரையும் ஒரே அறையில் நிற்க வைத்தது சங்கம்தான். நோட்டில் எழுதாத ஒன்றும் உண்டு என்று சொல்ல இடம் கொடுத்ததும் அதுதான்.

உன் கம்பெனியில் முந்தி வந்தவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது தம்பி. அவர் எந்தச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார் என்று மட்டும் ஒருமுறை போய்ப் பார்.

எனக்கு நிரந்தரம் வந்தது அடுத்த வருடம் பங்குனியில். அன்றைக்குக் காலை கேட்டில் நிற்கிறேன். பின்னால் யாரோ வந்து நின்றார். திரும்பினால் பதினாறு. வார லீவு எங்களுக்கு ஆளுக்கொரு நாள், அன்றைக்கு அவருடையது; ஊருக்குக் கிளம்பிய கோலத்தில், வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி நிற்கிறார்.

டைம் ஆபீஸ் கிளார்க் ஜன்னலுக்குள் இருந்து எட்டிப்பார்த்தார். "யோவ், நீ பெர்மனென்ட். இன்னைக்கு ஒனக்கு லீவு வேற. பதிலி வரிசையில எதுக்குய்யா நிக்கிற?"

"பதினேழ உள்ள அனுப்பிட்டு ஊருக்குப் போறேன் சார். பஸ்ஸு ஒன்பது மணிக்குத்தான்" என்றார் அவர்.

கிளார்க் என் எண்ணைக் கூப்பிட்டார். கேட்டைத் தாண்டினேன். தாண்டியதும், அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பது திரும்பாமலே எனக்குத் தெரிந்தது.